வேலி தாண்டும் வியாதி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் ராஜபாட்டையில் படப்பை என்னும் ஊர் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனமும் நெல் வயலும் கறவை மாடுமே அவ்வூரின் செல்வம். இன்றோ ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எழுந்துள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளுக்கு அது வாசலாகிவிட்டது. இரவென்றும் பகலென்றும் பாராமல் லாரிகள் ஓடுகின்றன. ஆயினும் மாடுகள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. அவற்றின் மேய்ச்சல் நிலம்தான் போய்விட்டது.

சில நாட்களுக்கு முன் அவ்வழியே செல்ல நேர்ந்தபோது நாம் கண்ட காட்சி ஒன்று இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. சாலையோரக் குப்பை மேட்டில் எச்சில் இலைகளுக்கு நடுவே ஒரு கறவைப் பசு நின்று எதையோ நெடுநேரம் மென்றுகொண்டிருந்தது. அருகிற் சென்று பார்த்தால், அது ஓர் எலும்பு! பக்கத்து டீக்கடைக்காரர் நமது வியப்பைக் கண்டு சிரித்தார். "உடம்புல உப்புச் சத்து இல்லீங்க. அதான் எலும்பைக் கடிக்குது" என்றார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியே. பாஸ்வரச் சத்துக் குறைந்த மாடு எலும்பைத் தேடிக் கடிக்கும் என்பது கால்நடை வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம்.

புல் தின்னப் பிறந்த பிராணியின் வாயில் எலும்பு! பார்ப்பதற்கு அற்பமான விஷயந்தான். ஆனால் இதையே யந்திரங்களைக் கொண்டு ஒரு தேசம் முழுவதும் செய்தபோது என்ன நேர்ந்தது என்பதை உலகம் கண்டிருக்கிறது. அதன் பழியின் ஒரு பங்கு இருபது வருஷங்களுக்கு முன் நமது தேசத்தின் தலையிலும் சுமத்தப்பட்டது. அந்த வரலாற்றை நேயர்கள் அறிந்திருப்பது நலம்.

ஓர் இனத்தின் நோய் மற்றோர் இனத்துக்குத் தாவும் என்பதைப் படப்பை வாசிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே சாலையின் கிழக்கு முனையில் வண்டலூர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. 2021-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அங்கிருந்த சிங்கங்களைக் கொரோனா பற்றிற்று. நீலா என்னும் பெண்சிங்கம் ஜூன் 3-ந் தேதி மாண்டது. அம்மாதத்திலேயே ஓர் ஆண்சிங்கமும் மாண்டது. அது நுண்கிருமியால் வந்த நோய். நாம் இங்கே சொல்லப் போவது கிருமியே இல்லாத நோய்.

கிருமியில்லாத தொற்று

நமது மூளையிலும் மற்றப் பாலூட்டிகளின் மூளையிலும் ஒருவகைப் புரதம் இயற்கையாகவே இருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட முறையில் மடிந்திருக்கும் வரையில் தீங்கில்லை. ஏதோ ஒரு காரணத்தால் அது தப்பான முறையில் மடிந்துவிட்டால், தன்னை அடுத்துள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடித்துவிடுகிறது. அது அடுத்ததை மடிக்கிறது. மடி மாறிய புரதங்கள் குவியக் குவிய, மூளை கடற்பஞ்சு போலத் துளைபட்டுப் போகிறது. நடை தள்ளாடும்; அறிவு மங்கும்; முடிவு மரணந்தான். இன்று வரையில் இதற்கு மருந்து கிடையாது. தப்பாக மடிந்த இப்புரதத்துக்கு 1982-ம் வருஷத்தில் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புரூஸினர் 'பிரியான்' என்று பெயரிட்டார். அவருக்கு 1997-ல் நோபெல் பரிசு கிடைத்தது.

கிருமியானால் உயிருண்டு, கொதிக்க வைத்தால் சாகும். பிரியானுக்கு உயிருமில்லை, வித்துமில்லை. உயிரில்லாததை எவ்வாறு கொல்வது? கொதிக்கும் நீருக்கும், கிருமிகளை ஒழிக்கும் பார்மலினுக்கும் அது அசைந்து கொடுப்பதில்லை. மண்ணிற் புதைந்தாலும் வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும். உடலிற் புகுந்த பிறகு வருஷக்கணக்கில், மனிதரிடத்தில் சில சமயம் பல பத்தாண்டுகள் கூட, ஓர் அறிகுறியும் காட்டாமல் இருக்கும். காரணமும் காரியமும் இத்தனை காலம் பிரிந்து நிற்பதால், குற்றவாளி எவரென்று கண்டுபிடிப்பது மிகவும் கடினமாகிவிடுகிறது.

ஆடுகளுக்கு வரும் 'ஸ்கிரேபி' இவ்வகை நோய்களில் மிகப் பழையது. நோயுற்ற ஆடு அரிப்புத் தாங்காமல் வேலியிலும் மரத்திலும் உராய்ந்து தன் ரோமத்தை உதிர்த்துவிடும். ஐரோப்பாவில் 250 வருஷங்களுக்கு மேலாக இது தெரிந்த நோய். மனிதருக்கு வரும் கிராய்ட்ஸ்பெல்ட்–யாகோப் நோயும், பாப்புவா நியூகினி மலைநாட்டில் போரே மக்களிடையே பரவியிருந்த 'கூரு' நோயும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இறந்த உற்றாரின் உடலை உண்பது அம்மக்களின் துக்கச் சடங்காக இருந்தது. அச்சடங்கு நின்றது, புதிய நோயாளிகளும் மெல்ல மெல்ல அற்றுப்போயினர்.

வேலி எங்கே இருக்கிறது?

ஆட்டு நோய் ஆட்டோடு நிற்குமா, பிற இனங்களுக்கும் தாவுமா என்ற கேள்வி பல காலம் விஞ்ஞானிகளை வாட்டி வந்தது. பிரான்ஸில் குயிய்யே, ஷெல் என்னும் இருவர் 1936-ல் ஸ்கிரேபியை நோயுற்ற ஆட்டிலிருந்து நல்ல ஆட்டுக்குச் செலுத்திக் காட்டினர். அதற்கடுத்த சில வருஷங்களில் செம்மறியிலிருந்து வெள்ளாட்டுக்கும் செலுத்தினர். 1961-ல் அது சுண்டெலிக்குச் சென்றது. 1959-ல் ஹாட்லோ என்னும் கால்நடை வைத்தியர், ஸ்கிரேபி கண்ட ஆட்டு மூளையும் கூரு கண்ட மனித மூளையும் ஒன்றுபோல் இருப்பதைக் கவனித்து எழுதினார். அதன்பின் கஜ்டுஸெக் முதலியோர் கூரு நோயைச் சிம்பன்ஸிக் குரங்குகளுக்குச் செலுத்தி, 1966-ல் அம்முடிவை வெளியிட்டனர்.

இச்சோதனைகளிலிருந்து தெரிய வந்தது என்ன? இனத்துக்கும் இனத்துக்கும் இடையில் ஒரு வேலி இருக்கிறது. ஆனால் அது கோட்டைச் சுவரன்று. ஒவ்வோர் இனத்தின் புரதமும் சிறிது சிறிது வேறுபட்டது. வந்த பிரியானும் வீட்டுப் புரதமும் அமைப்பில் நெருங்கியிருந்தால் நோய் எளிதிற் பற்றும். தூரமாயிருந்தால் பற்றாது, பற்றினாலும் சிலவற்றையே பற்றும், அதுவும் வெகுகாலம் கழித்து. ஆனால் ஒருமுறை பற்றிவிட்டால், புதிய இனத்தின் உடலிலேயே பழகிக்கொண்ட பிரியான் அந்த இனத்திற்குள் அடுத்த முறை விரைவாகப் பரவும். இன்னும் ஒரு விசித்திரமுண்டு. அமெரிக்க மான்களின் பிரியானை நேரே ஹாம்ஸ்டர் எலிக்குச் செலுத்தினால் எளிதிற் பற்றுவதில்லை. அதையே இடையில் பெரட் என்னும் கீரி போன்ற பிராணியின் உடல் வழியாகக் கொண்டு சென்றால் பற்றிவிடுகிறது. மூடிய கதவு ஒன்றைத் திறக்கும் சாவி மூன்றாமவர் வீட்டில் கிடைப்பது போன்ற கதை இது.

பிரியான் எந்த உருவில் மடிந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது இது. ஸ்கிரேபி கண்ட ஆட்டை மனிதர் நூற்றாண்டுக் கணக்காக உண்டும், அதனால் மனிதருக்கு நோய் வந்ததென்று நிரூபணமாகவில்லை. முயலும் குதிரையும் நாயும் இந்நோய்களை எளிதில் ஏற்பதில்லை. ஆனால் மாட்டில் தோன்றிய ஓர் உருவம் பல வேலிகளை ஒருங்கே தாண்டிற்று.

மற்றுமொரு உண்மையும் கவனிக்கத் தக்கது. பிரியான் செல்லும் பாதை முக்கியம். நேரே மூளைக்குள் செலுத்துவது எல்லாவற்றிலும் எளிய வழி. வாய் வழியாகச் செல்வது கடினமான வழி. அக்கடினமான வழியில் நோய் பரவ வேண்டுமானால் ஒரே தீனியைத் திரும்பத் திரும்ப, ஆயிரக்கணக்கான பிராணிகளுக்கு, வருஷக்கணக்கில் ஊட்ட வேண்டும். இயற்கை அவ்வாறு ஊட்டுவதில்லை. மனிதன் ஊட்டினான்.

இங்கிலாந்தில் நடந்தது

அறுக்கப்பட்ட பிராணிகளில் மனிதர் உண்ணாத பாகங்களைக் காய்ச்சி, கொழுப்பை எடுத்துவிட்டு, எஞ்சியதை மாவாக்கிக் கறவை மாட்டுத் தீவனத்தில் சேர்ப்பது இங்கிலாந்தில் வழக்கமாக இருந்தது. மலிவான புரதம்; அதிகமான பால்; அதுவே கணக்கு. மாட்டுக்கு மாட்டையே ஊட்டுகிறோம் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1986-ம் வருஷம் நவம்பரில் வெய்பிரிட்ஜ் ஆராய்ச்சிசாலையில் ஒரு புதிய மாட்டு நோய் கண்டறியப்பட்டது. பசுக்கள் மிரண்டன, தடுமாறின, விழுந்தன. பத்திரிகைகள் அதற்குப் 'பைத்தியப் பசு நோய்' என்று பெயரிட்டன. முடிவில் அத்தேசத்தில் 1,80,000-க்கு மேற்பட்ட மாடுகளில் அந்நோய் கண்டது. நோயை ஒழிக்கும் பொருட்டு நாற்பது லட்சத்துக்கும் அதிகமான மாடுகள் கொல்லப்பட்டன.

நோய் மாட்டோடு நிற்கவில்லை. 1986-லேயே ஒரு மிருகக்காட்சிசாலையில் நியாலா என்னும் ஆப்பிரிக்க மானுக்கு வந்தது. பின்னர் கூடு, ஓரிக்ஸ் முதலிய மான் ஜாதிகளுக்கும், மாட்டுடலை இரையாகப் பெற்ற சிறுத்தை, பூமா, புலி முதலியவற்றுக்கும் வந்தது. 1990-ல் பிரிஸ்டலில் ஒரு வீட்டுப் பூனைக்கு வந்தபோதுதான் ஜனங்கள் உண்மையாகவே பயந்தனர். மாட்டுக்கும் பூனைக்கும் இடையிலுள்ள வேலியைத் தாண்டியது மனிதனிடம் மட்டும் வந்து நின்றுவிடுமா? அதே வருஷத்தில் விவசாய மந்திரி ஜான் கம்மர், படம் பிடிப்போர் முன்னிலையில் தம் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி வைத்த ரொட்டியை நீட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று ஜனங்களுக்குக் காட்டினார். ஆறு வருஷங்கள் கழித்து, 1996 மார்ச் 20-ந் தேதி, மனிதருக்குப் புதிதாக வந்துள்ள மூளை நோய்க்கு மாட்டு நோய் காரணமாக இருக்கக் கூடும் என்று சுகாதார மந்திரி பார்லிமெண்டில் சொல்ல வேண்டி வந்தது. அந்நோயால் பிரிட்டனில் மட்டும் 178 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளைஞர்.

இதில் நாம் மனத்தில் இருத்த வேண்டிய அம்சம் ஒன்றுண்டு. அசை போடும் பிராணிகளின் மாமிச மாவை அசை போடும் பிராணிகளுக்கு ஊட்டக் கூடாது என்று 1988 ஜூலையிலேயே அங்கே சட்டம் செய்துவிட்டார்கள். அதற்குப் பின் பிறந்த மாடுகளிலும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவை நோயுற்றன! காரணம் யாது? பன்றிக்கும் கோழிக்கும் அம்மாவைக் கொடுக்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. ஒரே ஆலையில், ஒரே யந்திரத்தில், முதலில் கோழித் தீவனமும் பிறகு மாட்டுத் தீவனமும் அரைபட்டன. நோயுற்ற மூளையில் ஒரு கிராம் கூட ஒரு மாட்டுக்கு நோய் தரப் போதும் என்பது பின்னர் சோதனையால் தெரிந்தது. யந்திரத்தின் இடுக்கில் ஒட்டியிருக்கும் மாவைச் சட்டப் புஸ்தகம் துடைத்துவிடுமா?

நம்மீது விழுந்த குற்றச்சாட்டு

முதல் மாட்டுக்கு இந்நோய் எங்கிருந்து வந்தது? ஆட்டு ஸ்கிரேபியிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலருடைய எண்ணம். ஏதோ ஒரு மாட்டில் தானாகவே தோன்றியிருக்கலாம் என்றனர் வேறு சிலர். 2005-ம் வருஷம் செப்டம்பரில் 'லான்ஸெட்' என்னும் பிரசித்தி பெற்ற வைத்தியப் பத்திரிகையில் மூன்றாவது வாதம் ஒன்று வெளிவந்தது. கெண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆலன் கோல்ச்செஸ்டரும் எடின்பரோவைச் சேர்ந்த நான்ஸி கோல்ச்செஸ்டரும் அதை எழுதியிருந்தனர்.

அவர்களுடைய வாதத்தின் சாரம் இது: 1960-களிலும் 70-களிலும் பிரிட்டன் உரத்துக்கும் தீவனத்துக்குமாக லட்சக்கணக்கான டன் எலும்பையும் பிராணிகளின் உடற்பாகங்களையும் வெளிநாடுகளிலிருந்து தருவித்தது. அதில் பெரும்பங்கு இந்தியா முதலிய நமது உபகண்டத்து நாடுகளிலிருந்து சென்றது. கங்கையில் முழுவதும் எரியாத பிணங்கள் விடப்படுவதுண்டு. எலும்பு பொறுக்கும் ஏழைகள் மாட்டெலும்போடு மனித எலும்பையும் சேர்த்து விற்றிருக்கலாம். அப்பிணங்களில் ஒன்றிரண்டு கிராய்ட்ஸ்பெல்ட்–யாகோப் நோயால் இறந்தவருடையவையாக இருந்திருக்கலாம். ஆகவே மனித நோய் மாட்டுக்குச் சென்று, மாட்டிலிருந்து மீண்டும் மனிதனுக்கு வந்திருக்கலாம். இத்தனை 'லாம்'களைக் கொண்டு கட்டிய மாளிகை அது.

இதைப் படித்த பாரத மக்களுக்குக் கோபம் வந்தது இயல்பே. எலும்பை ஏற்றிச் சென்ற வியாபாரத்தின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவருக்குக் கோபம் இரட்டிப்பாகும். நம் நிலத்துக்குச் சேர வேண்டிய எலும்பும் பிண்ணாக்கும் கப்பலேறி அன்னிய நாட்டு வயலுக்கு உரமாவது குறித்து அன்னிய ஆட்சிக் காலத்திலேயே குறை கூறப்பட்டது. உரத்தை இழந்தவர் நாம். மாட்டுக்கு மாட்டை ஊட்டியவர் அவர். முடிவில் நோயைத் தந்தவர் மாத்திரம் நாமா?

ஆனால் கோபம் வாதமாகாது. குற்றச்சாட்டை அதன் தகுதியைக் கொண்டே பரிசீலிக்க வேண்டும். அதே 'லான்ஸெட்' இதழிலேயே பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் சங்கரும் டாக்டர் சதீஷ்சந்திராவும் பதில் எழுதினார்கள். அப்பதில் நமக்கு ஒரு பாடம். அவர்கள் சீறவில்லை. இவ்வாதத்துக்கு நேரான சாட்சியம் இல்லை என்று சுட்டிக் காட்டினார்கள். ஒரு தேசத்தின் சமயத்தையும் வழக்கத்தையும் தொடும் விஷயத்தில் விஞ்ஞானிகள் மிகுந்த நிதானத்துடன் நடக்க வேண்டும் என்றார்கள். அதே மூச்சில், இதைப் பற்றி மேலும் ஆராய்ச்சி தேவை என்பதையும் ஒப்புக்கொண்டார்கள்.

நமக்குத் தோன்றும் ஆட்சேபங்களையும் சொல்லுவோம். பிரியான் நிறைந்திருப்பது மூளையில், உலர்ந்த எலும்பிலன்று. வெயிலிலும் வெள்ளத்திலும் கிடந்த எலும்பில் மூளை எத்தனை எஞ்சியிருக்கும்? மனிதப் புரதத்துக்கும் மாட்டுப் புரதத்துக்கும் இடையிலுள்ள வேலியை, லட்சக்கணக்கான டன் எலும்பில் கலந்து கரைந்துபோன ஓர் அற்ப அளவு எவ்வாறு தாண்டும்? அன்றியும், 2019-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று வேறு திசையைக் காட்டுகிறது. நார்வேயில் 1998-ல் முதலிற் கண்டறியப்பட்ட ஒரு தனி வகை ஸ்கிரேபி ஐரோப்பிய ஆடுகளிடையே இருக்கிறது. மாட்டுப் புரதத்தைத் தாங்குமாறு மாற்றியமைத்த சுண்டெலிகளுக்கு அதைச் செலுத்தியபோது, சில சோதனைகளில் அசல் பைத்தியப் பசு நோயின் பிரியானே வெளிப்பட்டது! ஐரோப்பாவின் ஆட்டிலேயே விதை இருந்திருக்கக் கூடும் என்றால், கங்கைக் கரைக்கு ஏன் போக வேண்டும்? வழக்கு முற்றிலும் முடிந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் தராசுத் தட்டு எப்பக்கம் தாழ்கிறது என்பது தெளிவு.

நமது கணக்கு எங்கே?

இவ்வளவும் சொன்ன பிறகு, நம்மைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். 'உங்கள் நாட்டில் இந்நோய் எவ்வளவு?' என்று கோல்ச்செஸ்டர் கேட்டிருந்தால் நாம் என்ன விடை சொல்லியிருப்போம்?

கிராய்ட்ஸ்பெல்ட்–யாகோப் நோய் தானாகவே தோன்றும் வகையில் உலகெங்கும் பத்து லட்சம் பேருக்கு வருஷத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது. நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் வெகு சிரமத்துடன் நடத்தி வந்த பதிவேட்டின்படி, 1971 முதல் 1990 வரையுள்ள இருபது வருஷங்களில் இந்தியாவில் பதிவானவர் சுமார் முப்பது பேரே. 1981-ம் வருஷத்து ஜனத்தொகை 68 கோடி. பத்து லட்சத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 680 பேர்; இருபது வருஷத்தில் பதின்மூவாயிரத்துக்கு மேல். இது முதுமையில் வரும் நோய், நம் தேசத்தில் முதியோர் குறைவு என்று பாதியைத் தள்ளிவிட்டாலும் ஆறாயிரத்துக்குக் குறையாது. ஆறாயிரம் எங்கே, முப்பது எங்கே? நமக்கு நோய் இல்லை என்பதன்று இதன் பொருள். நாம் பார்க்கவில்லை என்பதே பொருள். புத்தி தடுமாறி ஆறு மாதத்தில் இறந்த பாட்டனாருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். எந்த டாக்டரும் மூளையைப் பார்க்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் ஏறவில்லை. பதிவேட்டை நடத்திய அந்தச் சிலரை நாம் போற்ற வேண்டும்; அவர்களுக்குச் செய்தி அனுப்பாத ஊர்களெல்லாம் வெட்கப்பட வேண்டும்.

ஆடுகளின் விஷயமும் அப்படியே. இமயமலை அடிவாரத்து ஆடுகளில் ஸ்கிரேபி இருப்பதாக ஸ்லாட்னிக், கட்டியார் என்னும் இருவர் 1961-ல் எழுதினர். இது நமக்கு அற்பச் செய்தியன்று. ஏனெனில் ஆட்டு மூளையை நாம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டிருந்தோம். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பதை நடுவயது கடந்தவர் எவரும் மறந்திரார். டேவிட் ஸெம்பிள் 1911-ல் கஸௌலியில் அமைத்த முறைப்படி செய்யப்பட்ட அம்மருந்து, ஆட்டு மூளையை அரைத்துக் கார்பாலிக் அமிலத்தால் பதம் செய்தது. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் ஸ்தாபனமும் அதைத் தயாரித்தது. அந்த அளவுக் கார்பாலிக் அமிலம் வெறிநோய்க் கிருமியைக் கொல்லும், பிரியானைக் கொல்லாது. ஸ்காட்லாந்தில் 1935-ல் ஆட்டு மூளையிலிருந்து செய்த வேறொரு தடுப்பு மருந்தை 18,000 ஆடுகளுக்குப் போட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து அவற்றில் பலவற்றுக்கு ஸ்கிரேபி வந்தது. மருந்தில் சேர்த்த பார்மலின் அதைத் தடுக்கவில்லை. இதை நினைத்துத்தான் நம்மவரிலேயே ஒரு வைத்தியர் 1991-ல் வெறிநாய் ஊசியைப் பற்றி எச்சரித்து எழுதினார்.

நேயர்கள் கலங்க வேண்டாம். அவ்வூசியால் இந்தியர் எவருக்கும் பிரியான் நோய் வந்ததென்று நிரூபணமாகவில்லை; லட்சக்கணக்கான உயிர்களை வெறிநோயிலிருந்து காத்த மருந்து அது. 2004-ம் வருஷ முடிவோடு அது கைவிடப்பட்டது. இன்று ஆட்டு மூளையே கலவாத நல்ல மருந்து ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிறது. நாய் கடித்தவர் உடனே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். நாம் சுட்டிக் காட்டுவது வேறு. ஆட்டிலிருந்து மனிதனுக்கு இவ்வளவு பெரிய பாதையை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு திறந்து வைத்திருந்த தேசம், அப்பாதை வழியே ஏதேனும் சென்றதா என்று எண்ணிப் பார்க்கும் ஏற்பாட்டை மட்டும் செய்துகொள்ளவில்லை.

செய்ய வேண்டியவை

நம் நாட்டு மாடுகளில் பைத்தியப் பசு நோய் இதுவரை காணப்படவில்லை. உலகக் கால்நடைச் சுகாதார ஸ்தாபனம் 2010-ல் இந்தியாவை அபாயம் மிகக் குறைந்த தேசங்களின் வரிசையில் சேர்த்தது. பிண்ணாக்கும் தவிடும் வைக்கோலும் பருத்திக்கொட்டையும் வைக்கும் நமது குடியானவரின் பழக்கமே இதற்கு முதற் காரணம் என்று நாம் கருதுகிறோம். பால், மாமிசம் தரும் பிராணிகளின் தீவனத்தில் மாமிச மாவும் எலும்பு மாவும் இரத்த மாவும் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும் இருக்கிறது. கோழி, பன்றி, மீன் ஆகியவற்றுக்கு மாத்திரம் விலக்கு உண்டு.

அந்த விலக்கில்தான் இங்கிலாந்து இடறி விழுந்தது. ஆகவே நமது முதற் கோரிக்கை: கோழித் தீவனம் அரைக்கும் யந்திரத்தில் மாட்டுத் தீவனம் அரைபடாதவாறு பார்க்க வேண்டும். ஆலையும் லாரியும் மூட்டையும் தனித்தனியாக இருக்க வேண்டும். நாமக்கல்லில் கால்நடைக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைச் சாலை இருக்கிறது. படப்பைக்குத் தொலைவில்லாத காட்டுப்பாக்கத்திலேயே கால்நடைப் பல்கலைக் கழகத்தின் தீவன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடையில் விற்கும் மூட்டையிலிருந்து அடிக்கடி மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை ஜனங்கள் அறிய வெளியிடுவது சர்க்காருக்குப் பெரிய காரியமன்று.

இரண்டாவது: மிரண்டும் தள்ளாடியும் இறக்கும் மாட்டை வெறிநோய் என்று சொல்லிப் புதைத்துவிடுகிறோம். வெறிநோய்ச் சோதனையில் இல்லை என்று வந்த மூளையை மறு சோதனைக்குப் போபால் ஆராய்ச்சிசாலைக்கு அனுப்புவதை ஒவ்வொரு ஜில்லாவிலும் வழக்கமாக்க வேண்டும்.

மூன்றாவது: மனிதரிடத்தில் வேகமாகப் புத்தி மங்கும் நோயைக் காணும் டாக்டர், அதைப் பதிவேட்டுக்குத் தெரிவிப்பது கடமையாக வேண்டும். தகனத்துக்கு முன் மூளையைப் பரிசோதிக்கச் சம்மதிக்கும் குடும்பத்தார், இறந்தவருக்குச் செய்யும் மரியாதையோடு தேசத்துக்கும் ஒரு தொண்டு செய்தவராவார்.

நான்காவது, படப்பை போன்ற ஊர்களின் பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டியது. தொழிற்சாலை வந்தால் உணவு விடுதி வரும். விடுதி வந்தால் எச்சில் வரும். மேய்ச்சல் நிலத்தை இழந்த பசு அதைத் தேடி வராமல் எங்கே போகும்? எலும்புக் கழிவை மூடிய தொட்டியில் சேர்த்து அகற்றுவதும், கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கட்டி கிடைக்கச் செய்வதும் சில ரூபாயில் முடியும் காரியங்கள். குப்பை மேட்டில் கிடந்த ஓர் எலும்பால் நாளைக்கே கொள்ளை நோய் வந்துவிடும் என்று நாம் பயமுறுத்தவில்லை. புல் தின்னும் பிராணிக்குப் புல்லைக் கொடுக்காத ஊர் எவ்வித அபாயத்துக்கும் வாசலைத் திறந்து வைக்கிறது என்றே சொல்லுகிறோம்.

கடல் கடந்த தேசத்திலிருந்து நம்மீது பழி வந்தபோது நம் சார்பில் நிதானமாகப் பேச இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் இருந்ததோ சில பெயர்களே கொண்ட ஒரு பதிவேடு. மறுமுறை அத்தகைய கேள்வி எழும்போது, ஊர் ஊராக எண்ணி எழுதிய முழுக் கணக்கை எடுத்து வைத்து அவர்கள் பதில் சொல்லும் நிலையை நாம் உண்டாக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு முதல் வரியைப் படப்பையிலிருந்தே எழுதத் தொடங்கலாம்.